தோளில் இறங்கிய ஊசியும் கேட்டுப் பெற வேண்டிய உரிமையும்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

தடுப்பூசி போட்டால் ஓரிரு நாள் கை வலிக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வலி வரும், போகும், மறந்துவிடுவோம். ஆனால் அந்த வலி போகவே இல்லை என்றால்? ஆறு மாதம் கழிந்தும் தக்பீர் கட்டக் கையை காது வரை உயர்த்த முடியவில்லை என்றால்? கடையின் ஷட்டரைத் தூக்க முடியவில்லை, மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்க முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை என்றால், அந்த மனிதர் யாரிடம் போய் முறையிடுவது?

"எல்லாம் விதி" என்று பொறுத்துக்கொள்வது ஒரு வழி. "தடுப்பூசியே சதி" என்று வாட்ஸ்அப்பில் கூச்சல் போடுவது இன்னொரு வழி. இந்த இரண்டுமல்லாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஊசியையும் போட்டுக்கொள்வது, அதனால் பாதிப்பு வந்தால் நஷ்டஈட்டை உரிமையோடு கேட்டுப் பெறுவது! இந்த வழியை அமெரிக்கா சட்டமாக்கி வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் நமக்கு என்ன பாடம் இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

தோளில் என்ன நடக்கிறது?

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். மேல் கையில் போடும் ஊசி, தோளுக்குக் கீழே தடித்திருக்கும் டெல்டாய்டு தசைக்குள் இறங்க வேண்டும். தோளின் நுனியில் தட்டுப்படும் எலும்பிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் கீழே, தசையின் நடுப்பகுதிதான் அதற்குரிய இடம். அதைவிட மேலே குத்திவிட்டால், தோள் மூட்டு உரசாமல் அசைய உதவுகின்ற சிறு திரவப் பையிலோ தசைநாண்களிலோ மருந்து இறங்கிவிடக்கூடும். தசையில் கரைய வேண்டிய மருந்து மூட்டில் போய்ச் சேர்ந்தால் அங்கே அழற்சி உண்டாகிறது. வலி நிலைத்துவிடுகிறது, மூட்டு இறுகுகிறது.

அமெரிக்க மருத்துவர்கள் இதற்குச் 'சிர்வா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தடுப்பூசி போடும் விதத்தால் ஏற்படும் தோள் காயம் என்று பொருள். 2010இல் 13 பேருடைய நஷ்டஈட்டு மனுக்களை ஆராய்ந்து வெளியான ஒரு மருத்துவக் கட்டுரையில்தான் இந்தப் பெயர் இடம்பெற்றது. அதை அடுத்து அமெரிக்க மருத்துவ அறிஞர் குழு ஒன்றும் ஆதாரங்களை அலசி, ஊசி குத்தப்படுவதால் தோளில் இத்தகைய அழற்சி வரலாம் என்று உறுதி செய்தது.

கவனியுங்கள்! குற்றம் மருந்தில் இல்லை. குத்திய இடத்தில் இருக்கிறது. எனவே, தடுப்பூசியே விஷம் என்பவர்களுக்கு இந்தச் செய்தியில் ஒரு சாட்சியும் கிடைக்காது.

1986இல் பிறந்த சட்டம்

அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் கக்குவான், தொண்டை அடைப்பான், தசை இறுக்கி நோய்களுக்கான முத்தடுப்பூசியின் மீது வழக்குகள் குவிந்தன. கம்பெனிகள் பயந்துபோய் ஒவ்வொன்றாக உற்பத்தியிலிருந்து விலகின. மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரு பக்கம் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெற்றோர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். மறுபக்கம் மற்ற குழந்தைகளுக்கு மருந்தே கிடைக்காமல் போகும் ஆபத்து.

இரண்டுக்கும் விடையாக 1986இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 1988 அக்டோபர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர் முதலில் கம்பெனி மீதோ ஊசி போட்ட நர்ஸ் மீதோ வழக்குப் போட வேண்டியதில்லை. வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் உரிமைக் கோரிக்கை நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். எதிர் மனுதாரர் அந்நாட்டுச் சுகாதார அமைச்சர்! விசாரிப்பவர்கள் இதற்கென்றே நியமிக்கப்பட்ட சிறப்பு நடுவர்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு தடுப்பூசி விற்பனையிலும், அது தடுக்கும் ஒரு நோய்க்கு 75 சென்ட் என்று வரி வாங்கப்படுகிறது. ஃப்ளூ ஊசிக்கு 75 சென்ட். தட்டம்மை, புட்டாலம்மை, ரூபெல்லா ஆகிய மூன்றையும் தடுக்கும் ஊசிக்கு 2 டாலர் 25 சென்ட். இந்தச் சில்லறைக் காசு சேர்ந்து உருவான நிதியிலிருந்துதான் நஷ்டஈடு தரப்படுகிறது. 2025 வரை வழங்கப்பட்ட தொகை 500 கோடி டாலருக்கும் மேல்.

"அவ்வளவு பேரா பாதிக்கப்பட்டார்கள்?" என்று அஞ்ச வேண்டாம். அந்நாட்டு அரசின் கணக்குப்படி, விநியோகிக்கப்பட்ட தடுப்பூசிகளில் ஏறத்தாழ 10 இலட்சத்துக்கு ஒருவர்தான் நஷ்டஈடு பெற்றிருக்கிறார். பாதிப்பு அபூர்வமானது. ஆனால் அந்த ஒருவருக்கு அது அபூர்வமல்ல, அவருடைய முழு வாழ்க்கை!

மூன்று எண்கள்: 48, 6, 3

இந்தச் சட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு. எந்த ஊசிக்குப் பின் எவ்வளவு நேரத்துக்குள் எந்தப் பாதிப்பு வந்தால், அது ஊசியால் வந்தது என்றே அனுமானிக்கப்படும் என்று அதில் எழுதியிருக்கிறது. 2017 மார்ச் முதல் தோள் காயமும் அதில் சேர்க்கப்பட்டது. அன்று முதல் இந்த மனுக்கள் பெருகின. அந்த நீதிமன்றத்துக்கு வரும் தடுப்பூசி மனுக்களில் பெரும்பங்கு தோள் காயத்துக்கானவையாகவே ஆயின.

மூன்று எண்களை மனதில் பதியுங்கள். ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். பாதிப்பு 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் சேர்ந்து அறுவை சிகிச்சை செய்யும் நிலை வந்திருக்க வேண்டும். முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் மனுச் செய்திருக்க வேண்டும்.

இவற்றோடு, அந்தத் தோளில் முன்பே வலியோ அழற்சியோ இருந்திருக்கக் கூடாது. வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும். அந்த வலிக்கு வேறு நோய் காரணமாக இருக்கக் கூடாது. இவை பொருந்தினால், யார் தவறு செய்தார், எப்படிச் செய்தார் என்று நிரூபிக்கும் சுமை மனுதாரருக்கு இல்லை! பொருந்தாதவரும் மனுச் செய்யலாம். ஆனால் ஊசியால்தான் வந்தது என்பதை அவரே நிரூபிக்க வேண்டும்.

மருத்துவச் செலவு, இழந்த வருமானம் இரண்டும் கிடைக்கும். வலிக்கும் வேதனைக்கும் 2,50,000 டாலர் வரை உச்சவரம்பு. அறுவை சிகிச்சை வரை போன தோள் காயத்துக்கு ஒரு இலட்சம் டாலருக்கும் மேல் வழங்கிய தீர்ப்புகள் உண்டு. வக்கீல் ஃபீஸையும் அதே நிதி தருகிறது. மனு தோற்றாலும், நியாயமான அடிப்படையோடு நல்ல நோக்கத்தில் போட்ட மனுவாக இருந்தால் ஃபீஸ் உண்டு. மனுதாரரின் பணத்தில் வக்கீல் கைவைக்க முடியாது. ஏழை வழக்காட முடியாமல் போவது ஃபீஸுக்குப் பயந்துதானே? அந்தக் கதவை இப்படித் திறந்து வைத்தார்கள்.

அங்கே படிக்கவும் பணி செய்யவும் போயிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஊசி போட்டுக்கொண்டவர் மனுச் செய்ய அந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை.

அட்டவணையிலிருந்து நீக்க நடந்த முயற்சி

கொடுத்த உரிமை எப்போதும் கையில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 2020 ஜூலையில் அமெரிக்க அரசே தோள் காயத்தை அட்டவணையிலிருந்து நீக்க முன்வந்தது. "இது மருந்தால் வந்ததல்ல, ஊசியைத் தவறாகப் போட்டதால் வந்தது. போட்டவர் மீது வழக்குப் போடட்டும்" என்பது அரசு சொன்ன காரணம். கேட்க நியாயம் போலத் தோன்றும். ஆனால் விளைவை யோசியுங்கள். பாதிக்கப்பட்டவர் மீண்டும் நர்ஸின் தவறை நிரூபிக்க அலைய வேண்டும். நர்ஸும் மருந்துக்கடைக்காரரும் வழக்குக்குப் பயந்து ஊசி போடவே தயங்குவார்கள். எதைத் தவிர்க்க 1986இல் சட்டம் வந்ததோ, அதுவே திரும்பி வரும்!

அரசின் சொந்த ஆலோசனைக் குழுவே இதை எதிர்த்தது. மக்களும் வக்கீல்களும் எழுத்து மூலம் கருத்து அனுப்பினார்கள். 2021 ஜனவரியில், ஆட்சி மாறும் தறுவாயில், நீக்கும் விதி வெளியிடப்பட்டது. புதிய அரசு அதை நிறுத்தி வைத்து, ஏப்ரலில் ரத்துச் செய்தது. தோள் காயம் அட்டவணையில் தங்கியது. மேடையில் கோஷம் எழுப்பியதால் மட்டும் இது நடக்கவில்லை. கெடு தேதிக்குள் மனு அனுப்பியவர்கள் இருந்தார்கள். இளைஞர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்!

அங்கேயும் குறை இல்லாமல் இல்லை

அமெரிக்கச் சட்டத்தை நான் புகழ்ந்து கொண்டே போகவில்லை. 2,50,000 டாலர் என்ற உச்சவரம்பு 1986இல் வைத்தது. விலைவாசி எத்தனை மடங்கு ஏறினாலும் அது பல பத்தாண்டுகளாக ஏறவில்லை. சட்டம் அனுமதித்த சிறப்பு நடுவர்கள் எட்டே பேர். மனுக்கள் பெருகப் பெருகத் தாமதமும் பெருகியது. தடுப்பூசியின் வடிவமைப்பில் குறை என்று கம்பெனி மீது வழக்குப் போட முடியாது என்று 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கொரோனா தடுப்பூசி விஷயத்தில் இன்னும் மோசம். அதை இந்த நிதியில் சேர்க்காமல், அவசரகாலத் திட்டம் ஒன்றின் கீழ் வைத்தார்கள். அங்கே மனுச் செய்யக் கெடு ஒரே ஓராண்டு. வலிக்கும் வேதனைக்கும் பணமில்லை. வக்கீல் ஃபீஸும் இல்லை. ஆயிரக்கணக்கில் குவிந்த மனுக்களில் பணம் பெற்றவை மிகச் சிலவே. ஒரே தோள், ஒரே ஊசி, ஒரே வலி! மருந்தின் பெயர் மாறியதால் நீதியும் மாறுகிறது. என்ன நியாயம் இது?

மார்க்கம் காட்டும் வழி

தவறுதலாக நேர்ந்த கொலைக்கு தியத் என்னும் நஷ்டஈட்டை நம் மார்க்கம் விதித்திருக்கிறது. கொல்லும் எண்ணம் இல்லை, ஆனாலும் ஓர் உயிர் போயிருக்கிறது. "தெரியாமல் நடந்துவிட்டது" என்ற ஒரு சொல்லோடு அந்தக் குடும்பத்தை வெறுங்கையோடு அனுப்ப அல்லாஹ் அனுமதிக்கவில்லை. அதே நேரத்தில் ஃபிக்ஹு நூல்கள், அந்தப் பெரும் தொகையைத் தவறு செய்த ஒருவன் தலையில் மட்டும் சுமத்தவும் இல்லை. அவனுடைய தந்தை வழி உறவினர்கள் பங்கிட்டு, மூன்று ஆண்டுகளில் செலுத்த வேண்டும். 'ஆகிலா' என்று அவர்களுக்குப் பெயர். உமர் (ரலி) அவர்கள் தீவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தியபோது, அதில் பதிவான படைவீரர்களையே ஒருவருக்கொருவர் ஆகிலாவாக ஆக்கினார்கள் என்பதை ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்கள் ஆதாரமாகக் கொள்கின்றன.

75 சென்ட் வரியை இப்போது நினைத்துப் பாருங்கள். தடுப்பூசியால் பயன்பெறும் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அதில் அடிபட்ட ஒருவரைத் தாங்குகிறார்கள். அமெரிக்கர்கள் ஃபிக்ஹு படித்து இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கோடிப் பேருக்கு நன்மை தரும் காரியத்தில் ஒருவர் அடிபட்டால் அந்தச் சுமையை அவர் தோளில் மட்டும் விடக்கூடாது என்ற நியாயத்தை, நாம் மதரஸாவில் படித்து மூடி வைத்த நியாயத்தை, அவர்கள் சட்டப் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பது நம் சட்ட அறிஞர்கள் வகுத்த ஐந்து பெரும் விதிகளில் ஒன்று. அதை நாட்டுச் சட்டமாக்கக் கேட்பது நம் கடமை இல்லையா?

நம் நாட்டில்?

கொரோனா தடுப்பூசிக்குப் பின் 2021இல் தங்கள் மகள்களை இழந்த பெற்றோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2022 நவம்பரில் மத்திய அரசு தாக்கல் செய்த பதிலில், மிக அபூர்வமான இத்தகைய மரணங்களுக்கு அரசை நேரடியாகப் பொறுப்பாக்குவது சட்டப்படி நிற்காது, கவனக்குறைவு என்று கருதினால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சொன்னது. போடச் சொல்லும்போது "நாட்டுக்காக" என்றார்கள். இழப்பு வந்தபோது "நீயே வழக்குப் போடு" என்றார்கள்!

நுகர்வோர் கோர்ட் இல்லையா என்று வணிகச் சகோதரர்கள் கேட்பீர்கள். 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது உண்மை. ஆனால் எல்லோருக்கும் முழு இலவசமாகச் சேவை தரும் இடங்கள் அதில் அடங்கா. பணம் கட்டித் தனியார் மருத்துவமனையில் போட்டவருக்கு அந்தக் கதவு திறக்கும், அதுவும் இரண்டு ஆண்டுக்குள். இலவச முகாமில் போட்ட ஏழைக்கு அந்தக் கதவும் இல்லை.

ஹஜ் பயணிகளை எண்ணிப் பாருங்கள். 1987 ஹஜ்ஜின்போது மூளைக்காய்ச்சல் பரவிய பின் சவூதி அரசு அதற்கான தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. 2000, 2001 ஆண்டுகளில் வேறு வகைக் கிருமி பரவவே, நான்கு வகைக்கும் எதிரான ஊசியைக் கேட்டது. போடாமல் பயணம் இல்லை. போடுவது அவசியம்தான், ஹரமில் கூடும் இலட்சக்கணக்கானோரின் உயிர்ப் பாதுகாப்பு அது. ஆனால் முகாமில் நீண்ட வரிசை, வயதானவர்கள், அவசரம். தோள் காயம் ஏற்பட இடம் தரும் சூழல் அதுவே.

நம் தாய்மார்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. மறைவிடம் இல்லாத முகாமில் கையைத் திறந்து காட்டக் கூச்சப்பட்டு, கழுத்துப் பக்கமாகத் துணியை இழுத்துத் தோளின் மேல்பகுதியை மட்டும் காட்டுகிறார்கள். ஊசி மேலே ஏறிவிடுவது இப்படித்தான். ஒரு திரை, ஒரு பெண் நர்ஸ் போதும். இதை ஏற்பாடு செய்யும்படி ஒவ்வொரு ஜமாஅத்தும் முகாம் நடத்துவோரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

ஊசிக்குப் போகும்போது கை முழுதும் தளர்வாகச் சுருட்டக் கூடிய உடை அணியுங்கள். சட்டை இறுக்கமென்றால் ஒரு கையைக் கழற்றிவிடுங்கள். நீங்கள் உட்கார்ந்திருந்தால், போடுபவரும் உட்கார்ந்து போடுமாறு பணிவோடு கேளுங்கள். நின்றுகொண்டு போடும்போதுதான் ஊசி மேலே போகும்.

போட்ட பின் சீட்டை வாங்குங்கள். எந்த மருந்து, எந்தத் தொகுதி எண், எந்தத் தேதி, எந்தக் கை? அமெரிக்க நீதிமன்றத்தில், பதிவேட்டில் இடது கை என்றிருக்க வலி வலது கையில் இருந்ததால் சிக்கிக்கொண்ட மனுக்கள் உண்டு. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. கடைப் பாக்கியைப் பைசா விடாமல் எழுதும் வணிகரே, உங்கள் உடம்பின் கணக்கையும் எழுதி வையுங்கள்!

வலி தணியாவிட்டால் "தானாகச் சரியாகும்" என்று மாதக்கணக்கில் இருக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள். ஊசி போட்ட தேதியையும் வலி தொடங்கிய நேரத்தையும் சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி போடாமலேயே தோள் இறுகுவதுண்டு. எனவே எது எப்போது தொடங்கியது என்ற பதிவுதான் நாளை உங்கள் சாட்சி. ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்பாகப் பதியச் செய்யுங்கள். சிகிச்சைக் குறிப்புகளை நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002இல் வந்த மருத்துவ நெறிமுறை விதி.

இவை தனிமனிதர் செய்ய வேண்டியவை. சமுதாயமாக நாம் கேட்க வேண்டியது ஒன்று: எல்லாத் தடுப்பூசிகளுக்கும் பொருந்துகிற, தவறை நிரூபிக்கச் சொல்லாத, ஏழைக்கும் எட்டுகிற நஷ்டஈட்டுச் சட்டம். இதை முஸ்லிம்களுக்கு மட்டும் கேட்கவில்லை. ஊசிக்குக் கை நீட்டும் அத்தனை குடிமக்களுக்கும் கேட்கிறோம். உங்கள் தொகுதி எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் எழுதுங்கள். மஹல்லா தோறும் கையெழுத்து வாங்குங்கள். படித்த இளைஞர்கள் வக்கீல்களோடு உட்கார்ந்து மனுவைத் தயாரியுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். 2017இல் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது, வதந்தியை நம்பிப் பல பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்து வைத்தார்கள். அந்தப் பயத்தை அதட்டலால் போக்க முடியாது. "பாதிப்பு அபூர்வம், வந்தால் நாங்கள் பொறுப்பு" என்று அரசு எழுதிக் கொடுக்கும் நாளில்தான் வதந்தியின் வாய் அடையும். நஷ்டஈட்டுச் சட்டம் தடுப்பூசிக்கு எதிரியல்ல, அதற்குக் காவல்!

கேட்காமல் தாயும் அமுதூட்டாள் என்பார்கள். கேட்போம். ஆதாரத்தோடு கேட்போம். காலக்கெடுவுக்குள் கேட்போம். நம் உடலையும் உரிமையையும் அமானிதமாகப் பேணும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.